கம்பத்தில் காது வைத்தவர்

போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். வேலை எதுவும் இல்லை. பென்ஷன் வாங்குகிறவளுக்கு எங்கே போனாலும் வேலை இல்லைதான். பூநாரைகள் வந்திருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். படகில் ஏறி ஏரிக்குள் அரை மணி நேரம் போயிருப்போம், கைப்பைக்குள் போன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால், ஆந்திரப் பிரதேசம் என்னை அன்புடன் வரவேற்பதாகச் செய்தி. பூநாரை ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் மாநிலம் மாறிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் மகள் கூப்பிட்டாள். அவள் சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டவர் சம்பந்தமான வேலை. நான் தொலைந்துபோய்விடுவேன் என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். "தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவர் உன் போனைப் பிடிச்சிருக்கும்மா. நீ பேசலைன்னாலும் போன் சும்மா இருக்காது. பக்கத்து டவர்கிட்ட 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு அப்பப்போ சொல்லிக்கிட்டே இருக்கும். நீ எந்தப் பக்கம் இருக்கேன்னு ஒரு இடத்துல குறிச்சு வச்சிருப்பாங்க. யாராவது உன்னைக் கூப்பிட்டா, அந்தக் குறிப்பைப் பார்த்து அந்தப் பக்கத்து டவர் எல்லாம் சேர்ந்து உன் பேரைக் கூவும். உன் போன் மட்டும் 'இதோ'ன்னும். நகர்ந்துகிட்டே பேசினா ஒரு டவர் அடுத்த டவர்கிட்ட உன்னைக் கைமாத்தி விட்டுடும்."

"இதெல்லாம் எங்களுக்கு அப்பவே தெரியும்டி" என்றேன்.

"ஆமா, நீதான் கண்டுபிடிச்சே" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜம்பம்தான் அடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுப் பொய் இல்லை. உங்களுக்காவது பொறுமை இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன்.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, பழவேற்காடு தபாலாபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. காஞ்சிபுரத்துக்காரி. கடலை நாலு தடவை பார்த்திருப்பேன், ஏரியைப் பார்த்ததே இல்லை. பொன்னேரியில் பஸ் மாறி, திருப்பாலைவனம் தாண்டி வயல் எல்லாம் முடிந்த பிறகு காற்றில் ஒரு உப்பு வாடை வருமே, அப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எதுவும் கேட்காமல் ஒரு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தார்.

தபாலாபீஸ் படகுத்துறைக்குப் பக்கத்தில், ஓடு போட்ட வாடகைக் கட்டடம். அதில்தான் அந்த வட்டாரத்துக்கே ஒரே பொதுத் தொலைபேசி. கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பொன்னேரி எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும். பொன்னேரி மெட்ராசைப் பிடிக்கும், மெட்ராஸ் உலகத்தைப் பிடிக்கும். ரிசீவரில் எப்போதும் காய்ந்த இறால் வாசனை. பேச வருகிறவர்கள் எல்லாம் மீன் தொட்ட கைக்காரர்கள். நானும் சோப்பு, சீயக்காய், கடைசியில் எலுமிச்சைத் தோல் வரைக்கும் தேய்த்துப் பார்த்தேன். இன்றைக்கும் சமையலறையில் இறால் பொடி டப்பாவைத் திறந்தால் எனக்கு "ஹலோ" என்று சொல்லத் தோன்றுகிறது.

பொன்னேரியில் பகல் நேரத்துக்கு ஒரு பெண் குரல் இருந்தது. பெயர் தெரியாது. அவளும் என் பெயரைக் கேட்டதில்லை. "இன்னா பழவேற்காடு, சாப்டியா?" என்பாள். "ஆச்சு பொன்னேரி, நீ?" என்பேன். அவளுக்கு எந்தப் பக்கத்துப் பல் வலி, எனக்கு என்றைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கடிதம் வந்தது, எல்லாம் இருவருக்கும் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஓர் ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று பதிவு செய்கிற கால். ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. ஊரில் இருக்கிற ஆள் என்றால் சரி. இங்கே பாதிப் பேர் தண்ணீரில் அல்லவா இருப்பார்கள்! நான் சேர்ந்த புதிதில் ஒருவருக்குக் கால் வந்து, "ஏரியில் இருக்கிறார்" என்று பொன்னேரியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மெட்ராஸ் எக்ஸ்சேஞ்ச் பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

எனக்கு வழி காட்டியவர் மஸ்தான் பாய். எங்கள் மெசஞ்சர். ஐம்பது வயதிருக்கும், குட்டையான ஆள், குரல் மட்டும் ஆறடி. "இதுக்கு ஏம்மா பேஜார் ஆவுற? பாடு தெரிஞ்சா ஆளு தெரிஞ்சிது" என்றார். பாடு என்றால் வலை போடுகிற இடம். ஏரியில் இஷ்டத்துக்குப் போய் வலை கட்டிவிட முடியாது. கோயிலில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தப் பாடு இன்னாருக்கு என்று முறை வைத்திருப்பார்கள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பாடுதான் ராஜா. மழை விட்ட பிறகு, இறால் ஓடும் நாட்களில், அந்த முறை தனக்கு எப்போது வரும் என்று ஒவ்வொரு வீடும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்.

எனக்கு மூளை வேலை செய்தது. அந்த முறைப் பட்டியலை வாங்கி, பழைய ரிஜிஸ்டர் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிவைத்தேன். கால் வந்தால் நோட்டைப் பார்ப்பேன், எந்தப் பாடு என்று சொல்வேன். மஸ்தான் பாய் துறையில் நின்று தன் கட்டம் போட்ட துண்டை ஒரு கழியில் கட்டித் தூக்குவார். துண்டு தூக்கினால் போன், சாவு இல்லை என்று அர்த்தம். சாவு என்றால் துண்டு கிடையாது. அவரே படகேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். துண்டைப் பார்த்ததும் கரைக்கு அருகில் இருக்கிற படகுக்காரர் காது கொடுப்பார். பாய் பெயரைக் கூவுவார். அவர் அடுத்த படகுக்கு, அந்தப் படகு அதற்கடுத்த படகுக்கு. ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவுப் பக்கத்துப் படகுகளும் சேர்ந்துகொள்ளும். யாருக்கு யாரோடு என்ன மனஸ்தாபம் இருந்தாலும் இந்தக் கூவலை மட்டும் யாரும் விழுங்கமாட்டார்கள். நல்ல காற்றில் முகத்துவாரத்துக்குப் போய்ச்சேரப் பத்து நிமிஷம். என் மகளின் டவர் மின்னல் வேகம்தான், ஆனால் எங்கள் டவர்களுக்குப் பாடத் தெரியும், திட்டவும் தெரியும்.

எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது. "உன் ஆளு எப்டி இவ்ளோ ஜல்தி வர்றாரு?" என்று பொன்னேரி கேட்பாள். "அதெல்லாம் ரகசியம்" என்பேன்.

அந்த மண்டைக்கனம் இறங்கிய நாளைத்தான் சொல்ல வந்தேன்.

கார்த்திகை மாதம். மழை விட்டு இறால் ஓடிக்கொண்டிருந்த வாரம். காலை ஒன்பதரைக்கு மணி அடித்தது. பொன்னேரி வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லாமல், "பழவேற்காடு, பி.பி. காலு. குப்பத்து கோவிந்தனுக்கு. மெட்ராஸ் ஆஸ்பத்திரிலேர்ந்து அவர் பொண்ணு. நீயே கேட்டுக்க" என்று இணைப்பைக் கொடுத்தாள்.

அந்தப் பெண் பெயர் செல்வி. அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு வயித்துல கட்டி மேடம். பதினோரு மணிக்கு ஆபரேஷன். அது உள்ள போவமாட்டேன்னு கட்டில்ல குந்திக்கினு கீது. நைனா போன்ல வந்து ஒரு வார்த்த பேசினாத்தான் போவேன்னு சொல்லுது. இன்னைக்கு விட்டா டாக்டர் எப்ப தேதி குடுப்பாரோ தெரியாது. கட்டி பெருசாயிட்டே போவுது மேடம்."

ஒரு வார்த்தை என்பது அந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை. கோவிந்தனும் அவர் மனைவி அம்சாவும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது குப்பத்துக்கே தெரியும். செல்வியை மெட்ராசுக்குப் படிக்க அனுப்பக்கூடாது என்றார் இவர். அவர் ஏரியில் இருக்கிற நேரம் பார்த்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார் அம்சா. அன்றிலிருந்து ஒரே வீட்டில் அவர் தட்டு வைப்பார், இவர் சாப்பிடுவார், பேச்சு மட்டும் கிடையாது. அம்சா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளில்கூட இவர் பஸ் வரை வரவில்லை, வீட்டின் பின்பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்தார் என்று மஸ்தான் பாய் சொல்லியிருந்தார்.

நோட்டைப் புரட்டினேன். அன்றைக்கு முகத்துவாரத்துப் பாடு: கோவிந்தன். என் கையெழுத்தில் அழகாக இருந்தது. ராஜா பாடு கிடைத்த மனிதர் வேறு எங்கே இருப்பார்? "முகத்துவாரம் பாய், ஓடுங்க" என்றேன். பாய் துண்டைத் தூக்கினார். "கோயிந்தனுக்குப் போன்! அம்சா கூப்டுது!" முதல் படகின் குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது மெலிந்து கேட்டது. மூன்றாவதை நானாக நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பொன்னேரி, "வந்தாரா?" என்றாள். "வந்துக்கினே இருக்கார்" என்றேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் தொற்றியிருந்தது. பத்தேகாலுக்கு மறுபடி கேட்டாள். அன்றைக்கு எதிர்க்காற்று, பத்தரைக்குத்தான் ஏரியிலிருந்து பதில் குரல் வந்தது. பாய் ஜன்னலுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னார்: "முகத்துவாரத்துல கோயிந்தன் இல்லயாம்மா! முனுசாமிதான் வலை கட்டிக்கினு கீறானாம்!"

நோட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன். பட்டியலைத் தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி தள்ளி எழுதிவிட்டேனா? என் பவிசுக்காக ஓர் உயிரோடு விளையாடிவிட்டேனோ என்று நினைத்தபோது, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டை உதறிக்கொண்டு, "எல்லாப் பக்கமும் கூவச் சொல்றேன்" என்று ஓடினார். அடுத்த கால் மணி நேரம் அந்த ஏரி போட்ட சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. வடக்கே ஒரு குரல், பசியாவரத்துப் பக்கம் ஒரு குரல், எல்லாம் ஒரே பெயர். பறவைகள்கூட எழுந்து பறந்தன.

பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம். கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண் வாய்விட்டுக் கத்தினாள். கரையோரம் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு, கூடையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

"அய்யே! ஏரி பூரா உன் பேர கூவிக்கினு கீது, நீ இன்னாய்யா இங்க குந்திக்கினு கீற?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் தபாலாபீசுக்குப் பின்னால், புங்கமரத்துப் பக்கத்தில், போன் கம்பி வருகிற இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. அதன் அடியில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. ஒரு காதைக் கம்பத்தில் ஒட்டி வைத்திருந்தார். மறு காதை உள்ளங்கையால் இறுக்கி மூடியிருந்தார். கண்ணும் மூடியிருந்தது. அந்தப் பெண் தோளைத் தொட்டு உலுக்கிய பிறகுதான் திறந்தார்.

சிரிக்காதீர்கள். அந்த ஏரியில் கத்தாளை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீருக்குள் ஒரு உறுமல் சத்தம் போடும். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் பிடியில் ஒரு காதை வைத்து, மறு காதை மூடிக்கொண்டால் கேட்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அவருக்குத் தெரிந்தது அதுதான். கம்பி மெட்ராசிலிருந்து வருகிறது, அம்சா மெட்ராசில் இருக்கிறாள், கம்பம் உறுமுகிறது. அன்றைக்குத்தான் ஆபரேஷன் என்று குப்பத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்து, சூரியன் கிளம்பியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து என்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஆள் விட்டுக் கூப்பிட்டால்தான் போனுக்கு வரலாம் என்பது எல்லோரும் வைத்திருந்த முறை. அதோடு, எட்டு மாதம் பேசாத மனிதர், மனைவி பேசுவாளா என்று என்னிடம் எந்த வாயால் கேட்பார்?

"உம்முனுதான் கீதும்மா. பேச்சு ஒண்ணும் புடிபடல" என்றார் என்னிடம், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல.

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ரிசீவரை நானே காதில் வைத்துவிட்டேன். பொன்னேரி இணைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்சா, "கீறியா?" என்றது எனக்கே கேட்டது. இவர் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. "பேசுங்களேன்" என்று நான் கிசுகிசுத்தேன். மூன்று நிமிஷம் முடிந்தால் பொன்னேரி குறுக்கே வந்து சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். அவள் வரவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

கடைசியில் கோவிந்தன் தொண்டையைச் செருமினார்.

"முகத்துவார முறைய முனுசாமிக்கு வுட்டுட்டேன்."

மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"காலைலேர்ந்து இங்கதான் கீறேன்" என்றார்.

அவ்வளவுதான். அம்சா என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு பொன்னேரி எனக்குச் சொன்னாள். "இறா ஓட்ற நேரத்துலயா? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாராம். அப்புறம் சிரித்தாராம், இல்லை, அழுதாராம். இரண்டில் எது என்று பொன்னேரிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "சரி, போய்ட்டு வரேன்" என்று சொல்லி ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டாராம். லைன் அறுந்த பிறகும் இவர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்து வாங்கினேன்.

உள்ளே பெஞ்சு போட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, திரும்பக் கம்பத்தடிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். மஸ்தான் பாயும் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. நான் அன்றைக்கு மணியார்டர் பாரங்களில் எத்தனை தப்புச் செய்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாலு மணி வாக்கில் மணி அடித்தது. பொன்னேரி, இணைக்கும் முன்னாலேயே, "நல்ல சேதிதான் பழவேற்காடு" என்றாள். எங்கள் சட்டப்படி அவள் அதைச் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருந்திருந்தால் நான் அவளை மன்னித்திருக்கமாட்டேன்.

பாய் துறைக்கு ஓடினார். "அம்சா பொழச்சிக்கினா!" படகுக்குப் படகு அந்த வார்த்தை ஏரிக்குள் போவதை ஜன்னலில் நின்று கேட்டேன். கடைசியாகக் கேட்ட குரல் முகத்துவாரத்துப் பக்கத்திலிருந்து வந்தது. முனுசாமியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் நோட்டில் 'முறை மாற்றியவர்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். மூன்று வருஷம் கழித்து மாற்றல் வந்தது. போகும்போது பொன்னேரியில் இறங்கி அவளைப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம், மடியில் பெட்டி, மெட்ராஸ் வரை சீட்டு வேறு கிடைத்திருந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்த எக்ஸ்சேஞ்சில் ஆள் இல்லாமலே மிஷின் இணைத்துவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். அவள் எங்கே போனாள் என்று யாரிடம், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

போன மாதம் என்னைப் படகில் கூட்டிப்போனவர் முனுசாமியின் மகன் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. முறை இன்னும் உண்டாம். பட்டியலைப் போன் குரூப்பில் போட்டுவிடுகிறார்களாம். "ஆளத் தேட வேணாம்மா இப்பல்லாம். கூப்ட்டா எடுக்க மாட்டேன்றானுங்க, அதான்" என்று சிரித்தார். மஸ்தான் பாய் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அம்சா ஆபரேஷனுக்குப் பின் முப்பது வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்து, செல்வியின் பிள்ளைகளை எல்லாம் வளர்த்துவிட்டுப் போனாராம். அடுத்த வருஷமே கோவிந்தன். "அது போனப்புறம் அவரு யார்கிட்டயும் பேசலம்மா" என்றார் படகுக்காரர்.

பழைய தபாலாபீஸ் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. புங்கமரம் இல்லை. கம்பத்தை அறுத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். துருப்பிடித்துக் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. மெல்ல உட்கார்ந்து, குனிந்து, ஒரு காதை அதில் வைத்தேன். மறு காதைப் பொத்திக்கொண்டேன். உறுமலும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலே கம்பியே இல்லாதபோது எங்கிருந்து வரும்?

அப்போது பையில் போன் அதிர்ந்தது. மகள்.

"அம்மா, எங்க இருக்க? ரெண்டு தடவை அடிச்சுட்டேன்."

"இங்கதான் கீறேன்" என்றேன்.

"இது யார் பேச்சும்மா?" என்று கேட்டாள். கோவிந்தன் பேச்சு. அது போய்ச்சேர வேண்டிய காது அம்சாவுடையது ஒன்றுதான். அதுவும் இப்போது இல்லை.